நான் வெட்டி எடுத்த பன்னிரண்டு நிமிடங்கள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் எஸ்தரின் முகத்தைத்தான் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். சட்டக் கல்லூரி மாணவர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் நாங்கள் நடத்தும் இணையவழிப் பேச்சில் அந்த வாரம் அவர் முறை. போஸ்டருக்காக, வெள்ளைப் புடவையும் கறுப்புக் கோட்டுமாக அவர் சிரித்தபடி நிற்கும் படத்தைக் கணினியில் வெட்டிக்கொண்டிருந்தேன். கீழே 'சாதனை வழக்கறிஞர்' என்று போடலாமா, போட்டால் திட்டுவாரா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவருடைய குமாஸ்தா கோதண்டம்.

"சார்... அம்மா பூட்டாங்க சார்."

"எங்க போய்ட்டாங்க?" என்று கேட்டேன். முப்பது வருடமாகக் கோர்ட்டில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து பிழைப்பவன் கேட்ட கேள்வி அது.

"காத்தால ஜெபத்துக்கு ஒக்காந்தவங்க அப்டியே சாஞ்சிட்டாங்க சார். ஆஸ்பத்திரி வரைக்கும்கூட தாங்கல" என்று சொல்லிவிட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. திரையில் பாதி வெட்டிய படத்தைச் சேமித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் வழக்கறிஞர்கள் குழுவில் யாரோ கேட்டதால் போகிற வழியிலேயே அந்தப் படத்தை அனுப்பியும் வைத்தேன். மதியத்துக்குள் அது ஆளுயர பேனராகச் செங்கல்பட்டு நீதிமன்ற வாசலில் நின்றது. நான் என்ன எழுதலாம் என்று யோசித்த இடத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதியிருந்தார்கள்.

சனிக்கிழமைப் பேச்சுக்கு வரும் உங்களில் சிலருக்கு எஸ்தரை நீதிமன்ற வராந்தாவில் தெரியும். பெரும்பாலோருக்குத் திரையில் மட்டுமே தெரியும். எனக்கு அவர் சம வயதுத் தோழி. ஒரே வருடத்தில், ஒரே சீனியரிடம் ஜூனியர்களாகச் சேர்ந்தோம். உயிரோடு இருந்தவரை 'நீ', 'வா', 'போ' என்றுதான் பேசிக்கொண்டோம். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்று வருகிறது. படித்தால் அவரே சிரிப்பார்.

சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் காலனியிலிருந்து பஸ் ஏறி வருவார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நான் செங்கல்பட்டு டவுன், ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன், ஆங்கிலத்தில் சரளமாக அளப்பவன். சீனியர் என்னைப் பேச அனுப்புவார், எஸ்தரைக் கட்சிக்காரரிடம் கேட்க அனுப்புவார். நான் பேசியதெல்லாம் எஸ்தர் கேட்டு எழுதிக்கொண்டு வந்ததுதான் என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. புரிந்த பிறகும் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

கொரோனாவில் கோர்ட்டுகள் மூடிக் கிடந்தபோது, வேலையில்லாத கைக்கு ஒரு வேலையாக இந்தச் சனிக்கிழமைப் பேச்சை ஆரம்பித்தேன். மாணவர்களுக்கு ஊக்கம் தர வேண்டும் என்பது நோக்கம். முதல் சில வாரங்கள் பெரிய பெரிய வழக்கறிஞர்களைப் பிடித்து வந்தேன். எல்லாரும் தாங்கள் எப்படி ஜெயித்தோம் என்று சொன்னார்கள். திரை மூலையில் பார்வையாளர் எண்ணிக்கை ஆடி மாத ஜவுளிக்கடை விலை போலக் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பேசுபவரும் நானும் இன்னும் ஏழெட்டுப் பேரும் மிஞ்சுவோம். வேறு ஆள் கிடைக்காத ஒரு வாரத்தில்தான் எஸ்தரைக் கூப்பிட்டேன். உண்மை அதுதான். அவரை அறிமுகப்படுத்தும்போது சொன்னதுபோல 'நெடுநாள் ஆசை' எல்லாம் இல்லை.

அவர் வீட்டில் சிக்னல் கிடைக்காது. கடற்கரைக்குப் போகிற சந்தின் முனையில் காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து பேசினார். கோதண்டம் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். போஸ்டரைப் பற்றித்தான் முதல் பஞ்சாயத்து. கூட்டம் தொடங்கும் முன் என்னிடம், "இன்னா தாமோ, என்ன ஏதோ எலெக்‌ஷன்ல நிக்கறவ மாதிரி போட்டு வெச்சிகீற?" என்றார். பிறகு மாணவர்களைப் பார்த்து இப்படி ஆரம்பித்தார்: "நான் ஜெயிச்ச கேஸப் பத்தி பேச வரல. ஜெயிச்சத நீங்க தீர்ப்புப் புஸ்தகத்துல படிச்சுக்கலாம். தோத்தத யாரும் அச்சடிக்க மாட்டாங்க. அதனால அத நான் சொல்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊக்கப் பேச்சுக்குக் கூப்பிட்டால் இந்த அம்மாள் தோல்விப் பட்டியல் வாசிக்கிறாரே என்று பல்லைக் கடித்தேன். நடுவில் மொபெட்டில் மீன் விற்கிறவரின் ஹாரன் வேறு. பேச்சை நிறுத்தி, "அண்ணாத்த, அர மணி நேரம் கழிச்சு வா, கானாங்கெளுத்தி எடுத்து வையி" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். அன்றைக்கு மூலையில் இருந்த எண்ணிக்கை குறையவில்லை. அடுத்த வாரம் மாணவர்களே அவரை மறுபடி அழைக்கச் சொன்னார்கள். மாதம் ஒரு முறை என்றானது. மீன்காரர் ஹாரன் கேட்காத மாதத்தில் "அண்ணன் வரலியா மேடம்?" என்று தூத்துக்குடி விடுதியிலிருந்து ஒரு பையன் விசாரிப்பான்.

ஒரு சனிக்கிழமை நந்தினி என்கிற மாணவி கேட்டாள். சிங்கப்பெருமாள் கோயிலில் வீடு, அப்பா பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. "மேடம், எனக்கு இங்கிலீஷ் வராது. வைவா பரீட்சைல நின்னாலே கை நடுங்குது. படிப்ப விட்டுடலாமான்னு பாக்கறேன்." நான் முந்திக்கொண்டு, தினமும் ஆங்கிலப் பத்திரிகை படிக்க வேண்டும் என்று அறிவுரை சொல்ல வாயெடுத்தேன். எஸ்தர் விடவில்லை. "நந்தினி, ஜட்ஜய்யாவும் வூட்டுக்குப் போனா தமிழ்லதாம்மா சோறு கேப்பாரு. ஒன் கட்சிக்காரர் சொன்னது ஒனக்குப் புரிஞ்சுதா? அவங்களுக்குப் பதிலா எழுந்து நின்னு அதச் சொல்லுவியா? அது போதும். இங்கிலீஷு அடுத்த பஸ்ஸு புடிச்சு வந்து சேரும்." நந்தினி கேமராவை அணைத்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியாது. ஆனால் படிப்பை விடவில்லை.

வீட்டுப்பாடமும் கொடுப்பார். உங்கள் ஊர்க் கோர்ட்டு வராந்தாவில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள், உள்ளே போகாதீர்கள், வெளியே காத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எழுதி வாருங்கள் என்றார். எழுதி வந்தார்கள். வாய்தாவுக்கு வந்த கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் ஒரே தண்ணீர் பாட்டிலில் குடித்ததை ஒருத்தி எழுதியிருந்தாள். வாசிக்கக் கேட்டுவிட்டு எஸ்தர் சொன்னார்: "இங்க வர்றவங்களுக்குச் சட்டமெல்லாம் அப்பறந்தான். பேரக் கூப்ட்டா நமக்காக ஒருத்தர் எழுந்து நிப்பாருன்ற நம்பிக்கைலதான் அவ்ளோ நேரம் ஒக்காந்துகினு கீறாங்க." இந்த வாக்கியத்தைத்தான் உங்களில் பலர் இந்த வாரம் அவர் படத்தோடு போட்டிருக்கிறீர்கள். அது எங்கிருந்து வந்தது என்பதை நான்தான் சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

பதினாறு வருடங்களுக்கு முன், மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையோரம் செல்லம்மாள் என்பவருக்கு ஓர் ஓட்டு வீடு இருந்தது. இட்லிக் கடை வைத்துப் பிழைத்தவர். பக்கத்து இடத்தை வாங்கிய ஒருவர் விடுதி கட்ட இந்த இடத்தையும் சேர்த்து வளைக்கப் பார்த்தார். செல்லம்மாளுக்காக எஸ்தர் வழக்குப் போட்டு, யாரும் வீட்டைத் தொடக் கூடாது என்று இடைக்காலத் தடையும் வாங்கியிருந்தார். அந்தத் தடைதான் வீட்டுக்குக் காவல்.

ஒரு நாள் அந்த வழக்கு சிவில் கோர்ட்டில் வரிசையில் இருந்தது. அதே நேரத்தில் எஸ்தருக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு ஜாமீன் மனு. வெறும் வாய்தாதானே என்று செல்லம்மாளை அன்று வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் இருக்கும் வக்கீலிடம் சொல்லிவிட்டுப் போவோம். வழக்கைக் கூப்பிட்டதும் அவர் எழுந்து 'பாஸ் ஓவர்' என்று கேட்பார். வக்கீல் இங்கேதான் இருக்கிறார், கொஞ்சம் தள்ளிக் கூப்பிடுங்கள் என்று பொருள். அரை நிமிட வேலை.

"தாமோ, செல்லம்மாவுது கூப்ட்டா ஒரு பாஸ் ஓவர் கேட்டுடு. பத்தே நிமிஷம், ஓடி வந்துடறேன்."

"நீ போ. நான் பாத்துக்கறேன்."

அன்று நீதிபதி நல்ல சூட்டில் இருந்தார். எனக்கு முன்னால் இரண்டு பேர் பாஸ் ஓவர் கேட்டார்கள். இரண்டாமவரிடம், "இது கோர்ட்டா, பஸ் ஸ்டாண்டா?" என்று எரிந்து விழுந்தார். செல்லம்மாள் வழக்குக்கு அடுத்தது என் வழக்கு. சிறுசேரிப் பக்கம் அடுக்குமாடி கட்டுகிற என் பெரிய கட்சிக்காரர் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அன்று ஓர் உத்தரவு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். இந்த நேரத்தில் நான் எழுந்து நீதிபதியை இன்னும் சூடாக்குவதா? வாசலில் டவாலி கூப்பிட்டார். "செல்லம்மாள்... செல்லம்மாள்... செல்லம்மாள்..." மூன்று முறை. நான் என் கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். யாரும் ஆஜராகாததால் வழக்குத் தள்ளுபடி. அடுத்து என் வழக்கைக் கூப்பிட்டார்கள். வெகு வேகமாக எழுந்து நின்றேன். உத்தரவும் வாங்கினேன்.

வழக்கோடு தடையும் போயிற்று. அன்று மாலைக்குள் ஜேசிபி வந்து வீட்டை இடித்துவிட்டது. பிறகு எஸ்தர் மனுப் போட்டு, அலைந்து, வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்கவைத்தார். வழக்கு திரும்பி வந்தது, வீடு வரவில்லை. செல்லம்மாள் சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் எஸ்தரிடம், "டீ குடிக்கப் போயிருந்தேன், அதுக்குள்ள கூப்ட்டுட்டாங்க" என்று சொன்னேன். "சரி வுடு, நான்தான் இருந்திருக்கணும்" என்றார் அவர். அந்தப் பொய்யை நான் அதற்குப் பிறகு நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, தன் வாழ்க்கையின் மோசமான நாள் என்று சொல்லி எஸ்தர் இந்தக் கதையை எடுத்தார். என் வீட்டில், என் கணினியில், நான் நடத்துகிற கூட்டத்தில். முழுப் பழியையும் அவரே எடுத்துக்கொண்டார். "செல்லம்மாவ வரவேணாம்னு சொன்னது நானு. என் வேலைய ஒரு நண்பர் தலைல வெச்சிட்டுப் போனதும் நானு. இடிஞ்ச செவுத்துக்கு முன்னால அவங்களோட தெருவுல ஒக்காந்தேன். அவங்க என்னத் திட்டவேயில்ல. 'நீ சாப்ட்டியாம்மா'ன்னு கேட்டாங்க. அன்னிலேர்ந்து யார் பேரக் கூப்ட்டாலும், வக்கீல் இல்லன்னா, கேஸு எனக்குத் தெரியுதோ இல்லியோ, நான் எழுந்து நின்னுடுவேன்." அது உண்மை. எல்லாருக்கும் எழுந்து நின்று எல்லா நீதிபதிகளிடமும் திட்டு வாங்குகிற பைத்தியம் என்று நாங்கள் அவரைக் கேலி செய்ததுண்டு. அதற்கான காரணம் முன்வரிசையில் உட்கார்ந்து சேர்ந்து சிரித்திருக்கிறது.

நந்தினிதான் கேட்டாள். "அந்த ஃப்ரெண்ட நீங்க ஒண்ணும் கேக்கலையா மேடம்? அவர் யாரு?"

எஸ்தர் கேமராவை நேராகப் பார்த்தார். "பேர நான் சொல்ல மாட்டேம்மா. எழுந்து நிக்கறது அவங்கவங்க வேல. அவரு நிப்பாரு ஒரு நாள்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேரம் ஆகிவிட்டது, இத்துடன் நிறைவு செய்துகொள்வோம்" என்று கூட்டத்தை முடித்தேன். மறுநாள் அந்தப் பன்னிரண்டு நிமிடங்களையும் வெட்டி எடுத்துவிட்டுத்தான் பதிவை எங்கள் யூடியூப் சேனலில் ஏற்றினேன். மாணவர்களின் உற்சாகத்தைக் கெடுக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்டியதை அழிக்க மட்டும் கை வரவில்லை.

அடுத்த வாரம் வராந்தாவில் எதிரே வந்தவர், "தாமோ, வீடியோவுல பன்னெண்டு நிமிஷம் கொறையுதே?" என்றார்.

"நெட்டு பேஜாரு பண்ணிடுச்சு எஸ்தர். பதிவாகல."

அவர் என்னைப் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு நடந்தார். கண்ணெதிரே போகிறவரை "நில்லு" என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. அதற்குப் பிறகும் மாதாமாதம் என் கூட்டத்துக்கு வந்து பேசினார். என்னோடு டீ குடித்தார். என் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தியில் தண்ணீர் வைத்தார்.

அடக்கத்துக்கு மறுநாள் நீதிமன்றத்தில் இரங்கல் கூட்டம். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்றேன், 'நேர்மையின் இலக்கணம்' என்றேன். சொல்லும்போதே எனக்கு என் குரல் பிடிக்கவில்லை. வெளியே வந்தால், கட்சிக்காரர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய கட்டுகளை அடுக்கிக்கொண்டு கோதண்டம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"சார், ஒங்களாண்ட ஒண்ணு கேக்கட்டா? அந்தச் செல்லம்மா கதய வீடியோவுல இன்னாத்துக்கு சார் எட்த்துட்டீங்க? நெட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. போன நான்தானே புட்சிகினு இருந்தேன்."

நான் குனிந்து, கீழே சரிந்த ஒரு கட்டை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

"அம்மாவுக்குத் தெர்யும் சார். நீங்க டீ குடிக்கப் போவல. தாமோதரன் சார் முன்னாடிதான் ஒக்காந்துகினு இருந்தாருன்னு பெஞ்ச் கிளார்க்கு அன்னிக்கே சொல்ட்டாரு."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே. நான்தான் எகிறினேன், போய்க் கேளுங்கம்மான்னு. அம்மா வோணான்ட்டாங்க. 'நாமளா கேட்டு வாங்குனா அது வாக்குமூலம் கோதண்டம். அவரா வந்து சொல்லட்டும், அதான் சிநேகிதம்'னாங்க." கட்டுகளின் முடிச்சை இழுத்துக் கட்டியபடி, "பாத்துகினேதான் சார் இருந்தாங்க" என்றார்.

பதினாறு வருடம். அவ்வளவு காலமாக என் எதிரே உட்கார்ந்து டீ குடித்தவர் எனக்காகக் காத்திருந்திருக்கிறார். அன்று மாணவர்களிடம் 'அவரு நிப்பாரு' என்று சொன்னது என்னைக் கூப்பிட்டதுதான். அப்போதும் நான் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. இதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை நந்தினியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. படிப்பை முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, இப்போது வழக்கறிஞராகிவிட்டாள். 'சார், மேடம் சொன்ன செல்லம்மாள் கதையை நான் நேரில் கேட்டேன். என் கல்லூரி ஜூனியர்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்று தேடினால் சேனலில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?' இல்லை என்று எழுத விரல் போனது. பழக்கம் அப்படி. அழித்துவிட்டு, 'இருக்கிறது. சனிக்கிழமை வா' என்று எழுதினேன்.

எஸ்தருக்குக் குறித்து வைத்திருந்த அதே சனிக்கிழமை, அதே நான்கு மணி. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். கோதண்டமும் வந்திருந்தார், அதே காரில், அதே சந்து முனையில், இந்த முறை போனைத் தன் முகத்துக்குப் பிடித்துக்கொண்டு. முன்னுரை எதுவும் சொல்லாமல் அந்தப் பன்னிரண்டு நிமிடங்களையும் ஓடவிட்டேன். எஸ்தரின் குரல், காற்று, தூரத்தில் மீன்காரர் ஹாரன். நந்தினியின் கேள்வி வந்தது. 'அவரு நிப்பாரு ஒரு நாள்' வந்தது. பிறகு, நேரம் ஆகிவிட்டது என்கிற என் குரலும் வந்தது. பதிவு முடிந்தது.

எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பன்னிரண்டு நிமிடங்கள்தான். மற்றதெல்லாம் உங்களிடம் இருக்கிறது, என்னைவிட நன்றாகவே வைத்திருக்கிறீர்கள். இது இப்போது சேனலில் முழுதாக இருக்கிறது, என் குரலும் சேர்த்து. செல்லம்மாளின் மகள் வீட்டு முகவரியைக் கோதண்டத்திடம் வாங்கியிருக்கிறேன். அங்கேயும் போய்ச் சொல்ல வேண்டும். செல்லம்மாளாவது என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும்.

அன்று பதிவு ஓடி முடிந்து மைக்கைப் போட்டதும் என்னால் உட்கார்ந்து பேச முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "சார், உங்க முகம் தெரியல, சட்டை மட்டுந்தான் தெரியுது" என்றாள் நந்தினி. "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே, "மேடம் சொன்ன அந்த நண்பர் நான்தான்" என்றேன்.